கண்ணாடி டப்பாவில் ஒரு பிட்டு

ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தேர்வில், சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பிட்டு வைத்து எழுதும்போது கையும் களவுமாகப் பிடிபட்டேன். இந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லையாவது மாற்றினால் கொஞ்சம் கௌரவம் மிஞ்சுமா என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். மிஞ்சாது. பத்தாம் வகுப்பு என்று திருத்திக்கொண்டால்கூடப் பெரிய முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை.

எல்லாம் ஒரு சம்மதப் படிவத்தில் தொடங்கியது.

புனேயில் ஜூன் பிறந்தால் மழையோடு டோல் சத்தமும் வந்துவிடும். பிள்ளையார் ஊர்வலத்தில் டோல் என்கிற பெரிய மத்தளமும் தாஷா என்கிற சட்டி மேளமும் அடித்துக்கொண்டு போகிற குழுவுக்கு இங்கே பதக் என்று பெயர். ஊர்வலம் என்னவோ செப்டம்பர் வாக்கில்தான். ஆனால் பயிற்சி இரண்டு மூன்று மாதம் முன்பே, சாயங்கால வேளைகளில், ஆற்றங்கரையிலும் மைதானங்களிலும் தொடங்கிவிடும். என் மகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அதில் ஒரு கண். பதினைந்து வயது முடிந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள், அதுவும் பெற்றோர் கையெழுத்து இருந்தால். இந்த ஜூனில் பதினைந்து முடிந்தது. இந்த ஜூனில்தான் பத்தாம் வகுப்பும்.

தமிழ்க் குடும்பத்தில் பத்தாவது என்பது ஒரு வகுப்பில்லை, வியாதி. சொந்தக்காரர்கள் சாத்தூரிலிருந்து போன் போட்டு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை எப்படி இருக்கா?" என்று விசாரிப்பார்கள். டிவிக்குத் துணி போர்த்துவார்கள். அப்படிப்பட்ட ஆண்டில், வானவடியில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில், இடுப்பில் ஒரு ஆள் சுற்றளவுக்கு டோலைக் கட்டிக்கொண்டு அடிக்கப் போகிறேன் என்று ஒருத்தி படிவத்தை நீட்டுகிறாள்.

"எத்தனை நாள்?" என்றேன்.

"டெய்லி இல்லப்பா. வீக்ல அஞ்சு நாள்தான்."

"பத்தாவதும்மா."

"தெரியும்ப்பா. நான்தானே படிக்கிறேன்."

பதில் இல்லாத இடத்தில் மதிப்பெண்ணைக் கேட்பது தகப்பன்மாரின் வழக்கம். போன வருஷ முழுத்தேர்வில் அறிவியல் எவ்வளவு என்று கேட்டேன், தெரிந்துகொண்டேதான். எண்பதுக்கு அறுபத்தொன்று. அப்போதுதான் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.

"உங்க பேப்பர் இருக்கற ஈசிக்கு அறுபத்தொண்ணெல்லாம் ஒரு மார்க்கா? நாலு பதிலை அவனே போட்டு, அதுல ஒண்ணை டிக் அடின்னு சொல்றான். கேள்வித்தாள்லயே பதிலை அச்சடிச்சுக் கொடுத்தா அதுக்கு எங்க ஊர்ல பேரு பிட்டு. எங்க காலத்துல பேப்பர்னா பேப்பர்!"

இது நான் புதிதாகச் சொன்ன கருத்தில்லை. வங்கியில் மதியச் சாப்பாட்டின்போது நாங்கள் ஐம்பதைத் தாண்டிய நான்கு பேர் வாரம் ஒருமுறையாவது இந்தத் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றுவோம். ஒருவர் மராட்டியர், ஒருவர் மலையாளி, ஒருவர் போபால்காரர். வேறு எதிலும் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. நாங்கள் எழுதியது கடினமான தேர்வு, இப்போது எழுதுவது விளையாட்டு என்பதில் மட்டும் தேசம் ஒன்று.

மகள் கோபப்படவில்லை. அதுதான் தவறு நடந்ததற்கு முதல் அறிகுறி. "உங்களுக்கு சயின்ஸ்ல எத்தனைப்பா?" என்று கேட்டாள்.

"அந்தக் காலத்துல அறுபது வாங்கினாலே அது இந்தக் காலத்து..."

"எத்தனை?"

"அறுபத்திரண்டு. நூத்துக்கு. ஆனா அது..."

"ஓகே. அப்ப டீல். நான் எழுதின நைன்த் பேப்பரை நீங்க எழுதுங்க. என்னைவிட ஒரு மார்க் கூட எடுத்தாலும் ஃபார்மைக் கிழிச்சிடறேன். இல்லைன்னா சைன் பண்ணணும். ஃபார்ம் சண்டே ஈவ்னிங் அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் கோயம்புத்தூர்க்காரி, பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேதியியலாளர். "ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?" எச்சரிக்கை அத்தனை மென்மையாக வந்ததால் அதை நான் ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன். விடைத்தாள் திருத்தும் பொறுப்பு அவளுக்கு என்று அங்கேயே முடிவாயிற்று. கண்காணிப்பாளராக இரண்டாவது மாடி சுபேதார் சார். ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம், எழுபத்தாறு வயது. எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி வழிவதிலிருந்து வாகனம் நிறுத்தும் கோடு வரை எல்லாவற்றையும் அவர்தான் கண்காணிக்கிறார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஆனால் என் கருத்தை அவர் மதிக்கவில்லை.

"நீங்க எழுதுனது பத்தாவது சார். நாங்க எழுதுனது பதினொண்ணாவது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. அதுதான் பரீட்சை. உங்களுது எல்லாம் அதுக்கப்புறம் தண்ணி ஊத்துன மோர்."

மகளின் பழைய கேள்வித்தாளை ஒரு உறையில் போட்டு, பின் அடித்து, அவரே எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு ஐந்து நாள் இருந்தது. மகளின் பாடப்புத்தகத்தை அலுவலகப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். முதல் அதிர்ச்சி, எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இரண்டாவது அதிர்ச்சி, புரியாமல் போனவையெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. நான் படித்தது தமிழ் வழியில். மொமென்ட்டம் என்று எதிரே வந்தவரை யாரோ என்று நினைத்து ஒதுங்கினால், அட, நம்ம உந்தம்! இனர்ஷியா என்று கோட்டு சூட்டில் நின்றவர் பக்கத்து பெஞ்சு நிலைமம். அக்ஸிலரேஷன், முடுக்கம். முப்பத்தெட்டு வருஷம் கழித்துப் பள்ளித் தோழர்களை விமான நிலையத்தில் பார்த்ததுபோல் இருந்தது. பேருந்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பிறகு நான் செய்ததுதான் என் தலைமுறைக்கே உரிய தவறு. எங்கள் பள்ளியில் யாரும் பாடம் படித்ததில்லை. முக்கியக் கேள்விகளைப் படித்தோம். வாத்தியார் பத்துக் கேள்விகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடச் சொல்வார். அவற்றின் விடையைக் கமா முதற்கொண்டு மனப்பாடம் செய்துவிட்டால் ஐந்து கேள்வியாவது வந்துவிடும், தேர்வும் முடிந்துவிடும். அதே முறையில் ஒன்பது கேள்விகளை நானே தேர்ந்தெடுத்து, நானே நட்சத்திரம் போட்டு, மனப்பாடம் செய்தேன். மகளிடம் பெருமையாக ஒரு பழைய கேள்வியையும் சொல்லிக் காட்டினேன்: ஒலி பரவ ஊடகம் தேவை என்பதை நிரூபிக்கும் சோதனையைப் படத்துடன் விவரி.

"இது அப்படியே புக்ல இருக்கேப்பா."

"ஆமா."

"புக்ல இருக்கறதையே கேப்பாங்களா?" அவள் கண்ணில் பொறாமை தெரிந்தது. "ஸோ லக்கி!"

அந்த இடத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்கலாம். மாறாக, சனிக்கிழமை மத்தியானம் பிட்டு தயார் செய்தேன். எண்கள் நினைவில் நிற்கவில்லை, அதுதான் காரணம். இயக்கச் சமன்பாடுகள் மூன்று, இணைதிறன் ஒரு பன்னிரண்டு, பேருந்துச் சீட்டு அளவுத் தாளில், பதினைந்து வயதில் எழுதிய அதே பொடி எழுத்தில். எழுதி முடித்ததும் விரல்களுக்குள் ஒரு இளமை திரும்பிவந்தது என்றுகூடச் சொல்வேன். அதை மூக்குக் கண்ணாடி டப்பாவில், துடைக்கும் துணிக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்குச் சுபேதார் சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். என் கைப்பேசியை வாங்கி அரிசி டின்னின்மேல் வைத்தார். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடி டப்பாவைப் பார்த்தார், விட்டுவிட்டார். பத்து மணிக்கு உறையைப் பிரித்தார். மகள் எதிர் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டேன். இடதுபுறம் மடித்து ஓரம் விட்டேன். தலைப்புகளை அடிக்கோடிட ஸ்கேல் வைத்துக்கொண்டேன். இதற்கெல்லாம் தனி மதிப்பெண் உண்டு என்பது எங்கள் காலத்து நம்பிக்கை.

நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது நான் கேலி செய்த பகுதி. பிரச்சினை என்னவென்றால் நாலும் சரியாக இருந்தன. எந்தப் பக்கம் பார்த்தாலும் நியாயம் தெரிந்தது. அதைத் தாண்டினால் கூற்றும் காரணமும். கூற்று சரியா, காரணம் சரியா, இரண்டும் சரியென்றால் அந்தக் காரணம்தான் அந்தக் கூற்றுக்குக் காரணமா? இந்த வகைக் கேள்வியை என் மனைவி இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் கேட்டு வருகிறாள், நான் ஒருமுறைகூடத் தேறியதில்லை.

பிறகு ஒரு கதை வந்தது. அரைப் பக்கம். ஒரு சிறுவன் மொட்டை மாடியில் நிற்கிறான். தூரத்தில் ஒருவர் கல் உடைக்கிறார். சுத்தியல் கீழே விழுந்து அரை விநாடி கழித்துத்தான் சத்தம் கேட்கிறது. ஏன்? அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? ஒலி என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்குள் அணை உடைந்தது. நட்சத்திரம் போட்ட கேள்விகளில் ஒலியும் ஒன்று. ஒலி என்றால் என்ன, அது நெட்டலை எப்படி, அதற்கு ஊடகம் ஏன் தேவை, மணியும் ஜாடியும் கொண்ட சோதனை, படம், பாகங்கள் குறித்தல் என்று இரண்டரைப் பக்கம் கொட்டினேன். கல் உடைத்தவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரை நான் கவனிக்கவே இல்லை.

"அடிஷனல் ஷீட்!" என்று கையைத் தூக்கினேன். எங்கள் பள்ளியில் முதல் ஒரு மணி நேரத்தில் கூடுதல் தாள் கேட்பவன் மற்றவர்கள் வயிற்றைக் கலக்குவான். மகளுக்கு எதுவும் கலங்கியதாகத் தெரியவில்லை. பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தாள். "இன்னும் வேணுமாப்பா? ஃபுல் பண்டில் இருக்கு."

பன்னிரண்டு மணி வாக்கில் அந்தப் பேருந்துக் கணக்கு வந்தது. போய்க்கொண்டிருக்கும் பேருந்து பிரேக் பிடிக்கிறது; சீரான எதிர்முடுக்கம்; எத்தனை மீட்டர் தள்ளி நிற்கும்? நான் ஏறிய எந்தப் பேருந்தும் சீராக நின்றதில்லை என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். வேறு வழியில்லை. டப்பாவைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு ஒரு சாக்கு வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் பாவனை செய்தேன். துணியை எடுத்தேன். துணியோடு பிட்டும் வந்தது.

எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடியைக் கழற்றினால் பக்கத்தில் இருக்கும் எழுத்து எறும்பு வரிசை. பிட்டை எடுப்பதற்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், படிப்பதற்குப் போட வேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை என் திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், எறும்பு. கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், எறும்பு அசைந்தது. இன்னும் கொஞ்சம். தெளிவு வருகிற ஆசையில் கையை நீட்டிக்கொண்டே போனேன். கை முழுதாக நீண்டு முடிந்த இடத்தில் முதல் சமன்பாடு பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பின்னால் இஸ்திரி போட்ட ஒரு சட்டையும் தெரிந்தது.

"ஹால்ட்!"

பக்கத்துப் பிளாட்டில் நாய் குரைத்தது. சமையலறையில் ஏதோ விழுந்தது. மகள் சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வந்தது. அது நிற்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

"இன்னா சார் இது?" என்றார் சுபேதார். கோபம் இல்லை. வேதனை.

"இது... ஒரு ரெஃபரன்ஸ்."

பிட்டை இரண்டு விரலால் வாங்கி, விடைத்தாளோடு பின் அடித்து, "தொடர்ந்து எழுதலாம். விஷயம் மேலிடத்துக்குப் போவும்" என்றார். மேலிடம் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

மனைவி சாப்பாட்டுக்குப் பிறகு திருத்தினாள். தொழிற்சாலையில் மாத்திரை பேட்ச்களை நிராகரிக்கிற அதே முகம். மேலே இருந்த பிள்ளையார் சுழியைக் காட்டி, "அம்மா, அப்பா தனக்குத் தானே ரெண்டு மார்க் போட்டுக்கிட்டாங்களா?" என்று மகள் கேட்டாள். அது பிள்ளையாருடைய கையெழுத்து என்று விளக்கினேன். "அவரு சைன் பண்ணிட்டாரா? அப்ப நீங்களும் பண்ணிடுங்க" என்றாள்.

ஒலியைப் பற்றிய என் இரண்டரைப் பக்கத்தை மனைவி முழுதாகப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"எழுதுனதெல்லாம் சரிதானுங்க. ஒரு தப்பு இல்ல."

"பாத்தியா!"

"கேட்ட கேள்விக்குத்தான் சம்பந்தமில்ல." ஒரு முட்டை போட்டாள். அழகான, சீரான முட்டை.

எண்பதுக்கு இருபத்தொன்பது. பாஸ் மார்க் இருபத்தேழு என்று மகளே கணக்குப் போட்டு, "அப்பா பாஸ்! அப்பா பாஸ்!" என்று கத்தினாள். பந்தயத்தில் தோற்ற எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. "பிட்டுக்கு மைனஸ் போட்டிருக்கோணும், பாவம்னு விட்டுட்டேன்" என்றாள் மனைவி. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் கண்ணாடி இல்லாமலேயே வந்தது. நாலே முக்காலுக்கு மகள் மழைக்கோட்டைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். படிவத்தை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் அவர்கள் பயிற்சியைப் பார்க்கப் போனோம். நான், மனைவி, சுபேதார் சார். மழை விட்டு மைதானம் முழுக்கச் சேறு. வாசலிலிருந்து பார்த்தால் அந்தக் கோடியில் நாற்பது ஐம்பது டோல்கள். எங்கள் பெண் இரண்டாவது வரிசையில், இடுப்பில் அவளைவிடப் பெரிய டோலோடு, ஒரு கையில் குச்சியும் மறுபக்கம் உள்ளங்கையுமாக நின்றாள். எல்லாக் குச்சிகளும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. சத்தமே இல்லை. ஒரு கணம் கழித்து, தம் என்று நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது.

மறுபடி குச்சிகள் விழுந்தன, சும்மா. பிறகு தம்.

நான் நின்றுவிட்டேன். கல் உடைத்தவர்! இதைத்தான் கேட்டிருக்கிறான். அரை விநாடி இருக்கும், ஒலி விநாடிக்கு முன்னூற்று நாற்பது மீட்டர் சொச்சம், அப்படியென்றால் நூற்றைம்பது, நூற்றெழுபது மீட்டர். சேற்றில் நின்று விரல்விட்டு எண்ணி மனைவியிடம் சொன்னேன். "சரிங்க, அஞ்சுக்கு அஞ்சு" என்றாள். "ரெண்டு மாசம் லேட்டு." அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கிட்டே போகப் போகக் குச்சியும் சத்தமும் நெருங்கி வந்து, கடைசியில் ஒன்றாகிவிட்டன. அதற்குமேல் எதுவும் பேச முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. மகள் எங்களைப் பார்த்துவிட்டு, தாளம் தப்பாமல், தலையை மட்டும் ஆட்டிச் சிரித்தாள். பத்தாவது படிக்கும் ஒரு பிள்ளை இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது எனக்குள் பெருந்தன்மை பொங்கியது. லிஃப்ட்டில் சுபேதார் சாரிடம் மனம் திறந்தேன். "ஒத்துக்கறேன் சார். பரீட்சை ஒண்ணும் ஈசி ஆகலை. நாங்க வேற மாதிரி எழுதினோம், இவங்க வேற மாதிரி எழுதறாங்க. எந்தத் தலைமுறையையும் குறைச்சுச் சொல்லக் கூடாது."

அவர் மாடி வந்தது. கதவு திறந்தது. வெளியே ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

"பரீட்சையை வுடுங்க சார். எங்க செட்டுல பதினாலு பேரு பிட்டு அடிச்சோம். ஒருத்தன் மாட்டலை. உங்க காலத்துல வந்துதான் அந்தத் தரமே கெட்டுப்போச்சு."